இடது ஓரம்

பனித்தளத்தின் சுவரோரமாகத் தட்டிவிட்டிருந்தால் வட்டு நேராக ரதோவானின் மட்டைக்கு வந்திருக்கும்.

பின்னால் நின்ற தடுப்பாட்டக்காரன் அதை நடுவுக்கு அடித்தான். அங்கே இரண்டு எதிரணிக்காரர்கள் காத்திருந்தார்கள். வட்டு பறிபோனது.

இந்த ஆட்டத்தில் இது எத்தனையாவது தடவை என்று ரதோவான் எண்ணுவதை விட்டுவிட்டான்.

ஸ்லோவாக்கியாவில் சிறுவனாகப் பனி ஹாக்கியில் இறங்கிய நாளிலிருந்து அவன் வலது ஓரத்தில் ஆடுகிறவன். இந்தப் பின்லாந்து அணிக்கு வந்த இரண்டாம் மாதமே அவனை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். பயிற்சியாளர் காரணம் சொல்லவில்லை. முந்தின நாள் கேப்டன் பெத்தேரி அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது மட்டும் ரதோவானுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவன் எல்லாவற்றையும் கவனித்தான்.

பேருந்தில் இடப்பக்கத்து ஜன்னல் இருக்கையை அவனுக்கு விட்டுவிட்டுப் பெத்தேரி பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்து சானா நீராவி அறையில் வியர்க்க உட்கார்ந்தால், பலகையின் இடது கோடி அவனுக்கென்று காலியாக இருந்தது. மூலை. வெளியே அனுப்பப் போகிறவனை அங்கேதான் உட்கார வைப்பார்கள்.

அவன் நுழைந்ததும் உடை மாற்றும் அறையில் பேச்சு நின்றது. பின்லாந்துக்காரர்கள் பேசாமல் இருப்பது புதிதில்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டு நிறுத்துவதுதான் புதிது.

இன்று மேலே நான்காம் வரிசையில் மேலாளருக்குப் பக்கத்தில் ஒரு செக் நாட்டுக்காரன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வலது ஓரத்துக்காரன். வயது இருபத்தைந்து இருக்கும்.

ரதோவானுக்கு முப்பத்து நான்கு. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இங்கே வேண்டாம் என்றால் வேறு எவனும் கூப்பிட மாட்டான். வேறு தொழிலும் தெரியாது.

ஆட்கள் மாறும் நேரம். அவன் தளத்துச் சுவரைத் தாண்டிப் பெஞ்சில் விழுந்தான். பெத்தேரி இடித்துக்கொண்டு அவன் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தான். எப்போதும் போல.

"உங்க ஊர்க்காரனா இருந்தா பாஸ் வந்திருக்கும், இல்லடா?" என்றான் ரதோவான்.

பெத்தேரி தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினான். பனித்தளத்தைப் பார்த்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "வலப்பக்கத்துலேருந்து வந்த எதையும் நீ விட்டதில்ல. இடப்பக்கத்துலேருந்து வந்த எதையும் நீ பாத்ததே இல்ல. டாக்டர்கிட்ட நாங்க ஒருத்தனும் வாயத் தொறக்கல. கத்தாம ஒக்காரு."



போன வருடம் வேறொரு நாட்டில், வேறொரு அணியில், மட்டையின் முனை இடக்கண்ணில் ஏறியது. இங்கே சேரும்போது நடந்த கண் பரிசோதனையில் சுவரில் இருந்த எழுத்துகளை வலக்கண்ணால் மனப்பாடம் செய்து, இடக்கண்ணின் முறை வந்தபோது ஒப்பித்தான். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

விசில். பெத்தேரி அவன் தொடையில் தட்டினான். இறங்கினார்கள்.

நடுவர் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். ரதோவான் சுவரோரம் தன் இடத்துக்குப் போனான். வலப்பக்கத்தைப் பெத்தேரி அடைத்துக்கொண்டான்.

எதிரணியில் ஒரு தாடிக்காரன். ஆளைச் சுவரோடு நசுக்குவதுதான் அவன் பிழைப்பு. ஆட்டம் முழுக்க நடுவிலேயே நின்றவன், இப்போது ரதோவானையும் பெத்தேரியையும் மாறி மாறிப் பார்த்தான். ஓர் அணியே ஒருவனின் வலப்பக்கமாகவே நின்று, இடப்பக்கம் வட்டையே அனுப்பாமல் இருந்தால், எதிரே நிற்கிறவனுக்கும் கண் இருக்கிறது.

தாடிக்காரன் தன் இடத்தை விட்டு மெல்லச் சறுக்கி வந்தான். ரதோவானைக் கடந்து இடப்பக்கம் போனான். மறைந்தான்.

சறுக்குக் கத்தி பனியைக் கீறி நின்ற சத்தம் கேட்டது. உதட்டுக்குள் அடக்கிய புகையிலையின் வாடை வந்தது.

தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பார்த்துவிடலாம். திருப்பினால் தாடிக்காரனுக்கு உறுதியாகிவிடும். நான்காம் வரிசைக்கும்.

ரதோவான் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றான்.

நடுவர் வட்டைப் போட்டார்.