கடலுக்குக் கொண்டுபோன தண்ணீர்

“முப்பது புள்ளைங்க படம் வரையுது. இந்தப் புள்ள மட்டும் ஏனுங்க டீச்சர் தண்ணி ஊத்தீட்டு நிக்குது?”

செங்கோட்டையனின் குரல் உயரவில்லை. மேடையில் பேசிப் பழகிய குரல், உயரத் தேவையில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஓவிய வகுப்பைத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அழைத்து வந்திருந்தார் அக்சிலியா டீச்சர். பெற்றோர் சார்பில் கூட வந்தவர் செங்கோட்டையன்.

ஊரில் எட்டு கேன் போர்வெல் தண்ணீரை பஸ்ஸில் ஏற்றும்போதே டிரைவர் மணியன் சிரித்தார்.

“கடலுக்கே தண்ணி கொண்டு போறீங்களா டீச்சர்?”

“உப்புத் தண்ணியில கலர் கலக்குனா படம் உப்புப் பூத்துப் போயிருமுங்க. குடிக்கவும் வேணுமே.”

இப்போது அந்தக் கேன்களுக்குப் பக்கத்தில்தான் கோகிலவாணி நின்றிருந்தாள். காலனிப் பெண். வரிசையாக வந்தவர்களுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாள் மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

“காலனிப் புள்ளைன்னா எடுபிடியா? இதைச் சும்மா விடமாட்டேனுங்க. கலெக்டர் வரைக்கும் மனு போகும்.”

டீச்சரின் முகம் சுருங்கிப்போனது.

செங்கோட்டையன் கோகிலவாணியிடம் திரும்பினார். “நீ போய் வரை சாமி. தண்ணிய அவங்கவங்களே புடிச்சுக்கட்டும்.”

அவள் கேனை விட்டு நகரவில்லை.

“டீச்சரைத் திட்டாதீங்க ஐயா. இது நானாக் கேட்டு வாங்குன வேலைங்க.”

“நீயாவா? எதுக்கு?”

“நம்ம பள்ளிக்கூடத்துல நான் தொட்ட குழாயைக் கழுவிட்டுத்தான் தண்ணி புடிப்பாங்க. இங்க வேற தண்ணி இல்லையில்லீங்களா?” என்று லேசாகச் சிரித்தாள். “மொதல்ல கலருக்குத்தான் வாங்குனாங்க. வெயில் ஏறவும் குடிக்கவே வாங்கிட்டாங்க. பாக்கிப் பேரும் குடிச்சதும் நான் வரையப் போயிருவேனுங்க.”

“இன்னும் எத்தனை பேரு?”

“உங்களையும் சேத்தி அஞ்சு பேருங்க.”

டம்ளரை நிரப்பி நீட்டினாள்.

செங்கோட்டையன் வாங்கினார். அவளுடைய தெருவில் நாற்பது வருசமாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறவர். ஒரு நாளும் அங்கே ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.