டிஷ்ஷைப் பிடித்திருப்பவள்

சித்திரை வெயிலில் தோட்டத்து லயன் வீட்டின் தகரக் கூரை கொதிக்கிறது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் கிருஷாந்த் வருஷப்பிறப்பு லீவுக்கு வந்திருக்கிறான். ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டையில்லாமல் கிரிக்கெட் பார்க்கிறான். மடியில் டெவல் சிக்கன் தட்டு, கையில் வியர்த்து வழியும் பியர் டின். வாசலில், நட்டு கழன்ற டிவி டிஷ்ஷை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி அம்மா இருளாயி நிற்கிறாள். விடியலில் ரப்பர் பால் வெட்டப் போய் இப்போதுதான் வந்தவள். இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. பால் காய்ந்து தோலாய் ஒட்டியிருக்கும் அவள் விரல்கள் நடுங்கும்போதெல்லாம் உள்ளே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. “அம்மா, ஆடாம பிடிங்க!” “பிடிச்சிருக்கேன் தம்பி. நம்மாளுங்க எத்தன ரன்?”

தங்கை பிரஷாந்தினிக்குக் கதவோரத்தில் நிலைகொள்ளவில்லை. உள்ளே பார்க்கிறாள், வெளியே பார்க்கிறாள். “எந்திரிச்சுப் போயி அந்த நட்ட இறுக்குனா என்னண்ணே?” எலும்பைச் சப்பிக்கொண்டே அவன் சிரிக்கிறான். “கெம்பஸ் போயி பட்டம் வாங்குனவ நீதான். நீ போயி இறுக்கு.”

அவள் விறுவிறுவென்று இறங்கிப்போய் அம்மாவின் கைகளைப் பிரித்து எடுக்கிறாள். டிஷ் தலை கவிழ்ந்து மண்ணைப் பார்க்கிறது. திரை நீலமாகிவிட்டது. “அடியே, கடைசி ஓவர்டி!” “போகட்டும். அம்மா சாப்பிட்டதும் வரும்.”

அடுப்படியில் அம்மா உட்காரவில்லை. ஒரு கால் வாசற்படியில் இருக்க, நின்றபடியே சோற்றை அள்ளி அள்ளி வாயில் போடுகிறாள். “இந்தா, ரெண்டே வாய்தான் தம்பி, வந்துர்றேன்.”