‘நிறுத்து’ அட்டை

“கதவுக்கு அடியில புகை வருது. உள்ள இருந்து ஒருத்தன் தட்டுறான்,” என்றாள் அக்கா.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் தன் முன்னால் கிடந்த அட்டைகளைப் புரட்டினான். “என்கிட்ட மழை மந்திரம் இருக்கு. போடட்டுமா?”

“கோபுரத்துக்குள்ள மழை பெய்யாது. அட்டைக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படி.”

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் புகுந்து ஆடும் ஆட்டம் அது. யாருக்கு என்ன சக்தி, எதற்கு என்ன விதி என்பதெல்லாம் அட்டைகளில் இருக்கும். எல்லாம் அக்காவின் தம்பி கையால் எழுதி லேமினேட் போட்டவை. கொசு என்று எல்லோரும் கூப்பிடும் மற்றவன் அன்றைக்குத் தன் பையில் எடுத்துப் போனதால் அட்டைகள் தப்பித்தன. தம்பி தப்பவில்லை.

போன வருஷம் மாடி அறையில் ஆட்டம் முடிந்து, தம்பியின் சிநேகிதர்களான இந்த இருவரும் கிளம்பிய பிறகு தீப்பிடித்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து ஓடுவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கதவில் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“சத்தியமா நாங்க போடலக்கா,” என்று இருவரும் அடித்துச் சொன்னார்கள். பின்னே, பேயா வந்து போட்டது? விளையாட்டுக்குத் தாழ்போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவன் இவர்களில் எவன் என்று தெரியாமல், அக்காவுக்கு ஒரு வருஷமாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அதற்காகத்தான் இன்றைக்கு இந்தக் கதை. மேஜை நடுவில் தம்பியின் சிவப்பு அட்டை கிடந்தது. ‘நிறுத்து. அறையில் இருக்கும் யார் தொட்டாலும் இந்தக் காட்சி அத்தோடு சரி. ஏன் என்று கேட்கக் கூடாது.’ நெஞ்சு உறுத்துகிறவன் அதைத் தொட்டே தீருவான் என்பது அக்காவின் கணக்கு.

அப்பா டீத் தட்டோடு வந்து, அதை மேஜை நடுவில் நீட்டியபடி நின்றார். “ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை விளையாட்டு!” என்று இதே ஆட்டத்துக்காகத் தம்பியிடம் தினமும் மல்லுக்கு நின்றவர். மகன் போனதும் மனிதர் அடியோடு மாறிவிட்டார். வீட்டில் இருந்த அத்தனை தாழ்ப்பாளையும் அவரே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து கழற்றிப் போட்டார். குளிக்கப் போகிறவர்கள் இப்போது சத்தமாகப் பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “தாழ்ப்பாள் போட்டவன் கெட்டவன் இல்ல. கொஞ்ச நேரம் உள்ளயே கிடக்கட்டும், புத்தி வரட்டும்னு போட்டான். அப்புறம் மறந்துட்டான்.”

மெக்கானிக் பகடையை உருட்டாமல் கைக்குள் வைத்து அழுத்தினான். கொசுவின் நெற்றியில் வியர்வை பூத்தது.

“புகை கண்ணை மறைக்குது. உள்ள இருக்கறவன் கதவைப் போட்டு இடிக்கிறான்.”

கொசுவின் கை மெல்ல மேஜை நடுவுக்கு நகர்ந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு டீயை எடுத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டான்.

பாவி, கல் நெஞ்சுக்காரன்! அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. “கத்திக் கத்திக் குரலே போயிடுச்சு அவனுக்கு. இருந்தும் கடைசியா ஒரு தடவை கூப்பிட்டான். யாரைக் கூப்பிட்டான்னா...”

டீத் தட்டு சரிந்தது. மேஜையெங்கும் டீ ஓடியது.

சிவப்பு அட்டையின் மேல் ஒரு கை இருந்தது. நரைத்த முடி அடர்ந்த கை.

“அப்பா?” என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏன்னு கேக்கக் கூடாதுல்லம்மா?”