இடத்தில் இல்லை

"மூணு தடவை கூப்பிட்டோம், நீங்க கிடைக்கலை. இன்னிக்கும் கிடைக்கலைன்னா விண்ணப்பம் ரத்து."

சான்றிதழ் நிறுவனத்தின் மின்னஞ்சலைப் படித்ததும் சிஹாருவுக்குப் பகீரென்றது.

மிக்கான் ஆரஞ்சு விவசாயிகள் சங்கத்தின் இணையதளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தவள் அவள்தான். பழையது நேற்றோடு காலாவதி. தளத்தைத் திறந்தாலே, 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வருகிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு முன்பதிவு ஆரம்பம். அறுபது குடும்பங்களின் ஒரு வருஷ உழைப்பு.

போன வருஷம் எவனோ சங்கத்தின் பேரில் போலித் தளம் போட்டு ஏமாற்றிவிட்டான். அதனால், சங்கத்து நம்பருக்கே போன் போட்டு, விண்ணப்பித்தவரிடம் பேசி உறுதி செய்த பிறகு தருகிற சான்றிதழ்தான் வேண்டும் என்று தலைவர் ஓச்சி சொல்லிவிட்டார்.

போன் இருப்பது குரோகியின் மேஜையில்.

"குரோகி சான், மூணு நாளா எனக்கு போன் வந்துச்சாமே?"

"வந்துச்சு. இடத்துல இல்லைன்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குரோகி, எதிரே உட்கார்ந்திருந்த தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து நாற்காலி நிஷிமோரி கிசுகிசுத்தாள். "இருபது வருஷமா பேக்ஸ்ல ஆர்டர் எடுத்த மகாராணி. இணையம் வந்ததும் வயித்தெரிச்சல். வேற என்ன?"

அப்படித்தான் இருக்கும் என்று சிஹாருவுக்கும் பட்டது. போனைத் தூக்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டாள். மதியச் சோற்றுருண்டையையும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து விழுங்கினாள்.

மூன்றரைக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

பேர், பதவி, தளத்தின் முகவரி. எல்லாம் சரி.

"முடிஞ்சுதுங்க. சான்றிதழ் இப்பவே வந்துடும்" என்றான் சான்றிதழ் நிறுவனத்துப் பையன். "அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிடுங்க. மூணு நாளும் நான் கூப்பிட்டது நாலேகாலுக்கு. 'இப்பத்தான் இடத்தை விட்டு எழுந்து போனாங்க. தயவுசெஞ்சு நாலு மணிக்கு முன்னாடி கூப்பிடுங்க'னு அப்படிக் கெஞ்சினாங்க. அதான் இன்னிக்கு சீக்கிரம் கூப்பிட்டேன்."

நாலேகால்!

சிஹாருவின் காது சூடானது.

வேலை நேரம் ஐந்து வரை. ஆனால் தன் குழந்தையை விட்டிருக்கும் காப்பகம் மூடுவதற்குள் போய்ச் சேர, நாலு பத்து பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து ஈடுகட்டிவிட்டு, தினமும் பூனை மாதிரி நழுவிவிடுவாள். கடிகாரத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற ஓச்சிக்குத் தெரிந்தால் தொலைந்தாள்.

யாருக்குமே தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சான்றிதழ் வந்தது. சர்வரில் ஏற்றினாள். தளத்தைத் திறந்தாள். எச்சரிக்கை போன இடம் தெரியவில்லை. திரை முழுக்க மிக்கான் பழங்கள் மின்னின!

"பன்ஸாய்!" தலைவரே இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். அலுவலகமே திரையைச் சுற்றி மொய்த்துக்கொண்டு கை தட்டியது.

மேஜைக்கடியில் சிஹாருவின் கைப்பையை யாரோ காலால் மெல்லத் தள்ளினார்கள்.

குரோகி. முகம் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மணி நாலு அஞ்சு. கிளம்புங்க. யாராவது கேட்டா, இப்பத்தான் இடத்தை விட்டு எழுந்து போனீங்க."