மூன்றாவது பங்கு

பினாயில் கலந்து கலந்து கோமளாவின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. அவற்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு, இரண்டு தம்பிகளுக்கும் நடுவில் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒற்றை வாளியோடு அவள் தொடங்கிய வியாபாரம் இப்போது ஆறு ஊர்க் கடைகளுக்குப் போகிறது. அதைப் பதிவு செய்யத்தான் வந்திருந்தார்கள்.

"ஒருத்தர் பேர்ல வேண்டாம். மூணு பேரும் பார்ட்னரா இருங்க" என்றார் ஆடிட்டர்.

"அக்கா வேண்டாம் சார்" என்றான் பெரிய தம்பி தண்டபாணி. "நாளைக்கு அதைக் கட்டிக்கிட்டுப் போறவன் வந்து பங்கு கேப்பான்."

"அட, மாப்பிள்ளை பார்த்தாச்சா?"

தம்பிகள் காலண்டரைப் பார்த்தார்கள். கோமளாவுக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. தங்கள் கல்யாணங்களை முடித்துக்கொண்டு, அவள் ஜாதகத்தை ஒருநாளும் வெளியே எடுக்காதவர்கள், வராத மாப்பிள்ளைக்கு இன்று பயந்தார்கள்.

இரண்டு பேருக்கான பத்திரம் தயாரானது. தம்பிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

"நீங்களும் போடுங்கம்மா" என்று ஆடிட்டர் பேனாவை நீட்டியதும் கோமளாவின் முகம் மலர்ந்தது. அவர் விரல் தம்பிகளின் பெயர்களைத் தாண்டித் தாளின் அடியில் போய் நின்றது. "இங்கே. சாட்சி."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"நான் எதைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போடணும் சார்?"