வாசனை வராத சரக்கு

"இங்கயும் வந்துட்டியா? உன்னோட சேர்ந்துதான் இவர் இப்படி ஆனாரு. கிளம்புடா!"

ஸ்கேன் அறை வாசலில் அக்கா போட்ட சத்தத்துக்கு நர்ஸே எட்டிப் பார்த்தாள். தம்பி நகரவில்லை. ஊரறிந்த குடிகாரன். நேற்றைய வாடை இன்னும் அவன் சட்டையில் இருந்தது.

உள்ளே படுத்திருந்தவர் அக்காவின் கணவர். அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். இரண்டு வருடமாகக் காலையிலேயே தள்ளாடுவார், நாக்குக் குழறும், வேர்த்துக் கொட்டும், எரிந்து விழுவார். ஊதச் சொன்னால் வாடையே வராது. "வாசனை வராத சரக்கு போல" என்று தீர்ப்புச் சொல்லி, அச்சகம் வேலையை விட்டே நிறுத்திவிட்டது. மகள் அவரோடு தெருவில் நடப்பதில்லை.

"சத்தியமா நான் குடிக்கலைடி" என்று அவர் அழுதபோது கட்டிய மனைவியே நம்பவில்லை. இப்படி ஒரு மச்சானை வைத்துக்கொண்டு சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் உள்ள வாங்க. இதோ, இந்தப் புள்ளியைப் பாருங்க."

திரையில், கணையத்தின் ஓரமாக, பட்டாணி அளவில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"கட்டி. ரொம்ப அபூர்வம். இன்சுலினை இஷ்டத்துக்குச் சுரக்குது. வெறும் வயித்துல சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிடும். அப்ப யாரா இருந்தாலும் குடிச்சவங்க மாதிரிதான் தள்ளாடுவாங்க. சாதாரண ஸ்கேனுக்கு ரெண்டு தடவை டிமிக்கி கொடுத்திருக்கு. நாங்க போடுற கதிரியக்க ஊசி மருந்து கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கும். எங்ககிட்ட தப்புமா?" டாக்டரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா, பழையபடி மெஷின் ஓட்டலாம்."

மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். "நான்கூட நம்பலையேங்க."

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். "ஆமா, நாலு டாக்டருங்க 'குடி'ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்புறமும் எங்க பெரிய டாக்டர் ரூம் வாசல்ல மூணு நாள் உட்கார்ந்து, 'இது குடி இல்ல, பார்த்தே ஆகணும்'னு சண்டை போட்டது யாரு? அவர் இல்லைன்னா இந்த ஸ்கேனே இல்ல."

கணவர் மச்சானைக் கைகாட்டினார். டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"யாருமே நம்பாதப்ப உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

அக்கா முன்னால் முதல் தடவையாகத் தம்பி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"குடியில எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ், டாக்டரம்மா. குடிச்சவன் எவன், குடிக்காதவன் எவன்னு எனக்குத் தெரியாதா?"