இந்த ஆண்டும் யூதாஸ்

கோயிலில் புனித வெள்ளியன்று காட்டும் இயேசுவின் பாடுகள் படத்தை இப்போதெல்லாம் கணினியே எடுக்கிறது. வேடங்களுக்கு ஊராரின் முகங்களை அதுவே தேர்ந்துகொள்கிறது. இந்த ஆண்டும் யூதாசுக்கு வந்தது அந்தோணிராயனின் கரிய முகம்தான். இயேசுவுக்கு, வழக்கம்போல, மாவுமில்காரர் மகனின் வெளுத்த முகம்.

"நான் போடலண்ணே, அதுவா எடுத்துக்கிடுது," என்றார் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார்.

அந்தோணிராயனுக்குச் சண்டை போடக்கூட அலுப்பாக இருந்தது. "காட்டிக் குடுத்த கூலி, அந்த முப்பது வெள்ளிக்காசையாவது கையில குடுக்கச் சொல்லும்வே," என்று சிரித்துவிட்டு மகளோடு நடந்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆறு வயது பிலோமினா கேட்டாள்.

"நான் அப்படியே உங்க ஜாடைன்னுதானப்பா எல்லாரும் சொல்லுதாங்க. பெரியவளானா நான் யாரக் காட்டிக் குடுப்பேன்?"